மனுவின் மனைவி கேட்டது

பாகவதத்தின் நீளநீளமான தைக்காத தாள்களைத் தட்டி அடுக்கி, சிவப்புத் துணியில் சுற்றி, முடிச்சுப் போடப்போன நேரத்தில்தான் காமதா பிரசாதிடம் அந்தக் கேள்வி வந்தது. கேட்டது அந்த வீட்டு விதவை ஷைல்குமாரி. மூன்றாம் நாள் கதை முடிந்து, கூட்டம் பூரியும் பூசணிக்காய்க் கறியும் பரிமாறுகிற பக்கம் நகர்ந்திருந்தது. அவள் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு மேடை ஓரமாக வந்து நின்றாள்.

"பண்டிட்ஜி, நாளைக்கு ராஜா வம்சமெல்லாம் வருமாமே. அத்தனை ராஜாக்களுக்கும் ஆம்பளப் புள்ளையாவேதான் பொறந்துச்சா?"

காமதா பேந்தப் பேந்த விழித்தார். நைமிசாரண்யம் என்கிற நீம்சாரில் பிறந்து, நீம்சாரிலேயே பாகவதம் படித்து வயிறு வளர்க்கிற மனிதர். சப்தாகம் நடக்கிற ஏழு நாளும் மேடையில் இரண்டு ஆசனம் இருக்கும். பூமாலையும் ஒலிபெருக்கியும் திண்டுமாக இருப்பது கதை சொல்லும் வியாசருடையது. ஓரத்தில் ஒரு பலகையும் கம்பளித் துண்டுமாக இருப்பது மூலம் படிக்கிறவருடையது. அது காமதாவினுடையது. விடியற்காலையில் உட்கார்ந்து, சமஸ்கிருத மூலத்தை ஒரு எழுத்து விடாமல், வாய்க்குள்ளேயே முணுமுணுவென்று படித்துத் தள்ள வேண்டும். அதை யாரும் கேட்பதில்லை. செத்துப்போனவருடைய ஆத்மா கேட்கும் என்பது நம்பிக்கை. அவரிடம் இதுவரை எவரும் வந்து கேட்ட கேள்வியெல்லாம் குழாயடி எங்கே இருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்கிற ரகம்தான். படிக்கிறதில் என்ன இருக்கிறது என்று கேட்டவள் இவள் ஒருத்தி.

பொய் சொல்லக்கூடாது, காமதாவுக்குப் பதில் தெரியவில்லை. இக்ஷ்வாகு, விகுக்ஷி, புரஞ்ஜயன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். ஆனால் இன்னாருக்கு இன்னார் என்று அடுக்கிக்கொண்டு போகிற அந்த வரிசையில் ஒரு பெண் எங்கேயாவது நிற்கிறாளா என்று யோசித்துப் பார்த்ததே இல்லை. நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த சங்கதி அந்தப் பந்தலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சீதாபூர் சாலையில் செங்கல் சூளை வைத்திருந்த கிருபாசங்கர் மிஸ்ரா போன பங்குனியில் மாரடைத்துச் செத்துப்போனார். ஒரே மகள், மஞ்சரி. படிப்பை முடித்த நாளிலிருந்து அப்பாவோடு சூளைக்குப் போய்வந்தவள். எந்த மண் எங்கே வருகிறது, எந்த வரிசையில் எத்தனை நாள் நெருப்பு நிற்கவேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பதின்மூன்றாம் நாள் சடங்கில் பெரியவர்கள் கூடி வாரிசின் தலையில் தலைப்பாகை கட்ட வேண்டும். கட்டிக்கொண்டவனுக்குத்தான் வீடு, சூளை, தலைமை எல்லாம். இறந்தவரின் அண்ணன் ஹர்கோவிந்த் தன் இரண்டாவது மகன் அங்கித்தை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். ஷைல்குமாரி அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். புருஷனின் அண்ணன் முன்னால் வாய் திறந்து பேசுகிற வழக்கம் அங்கே இல்லை. கதவைத் திறக்காமல் இருக்கத்தான் முடியும். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசி, வருஷ முடிவில் வைக்கிற சப்தாகத்தின் ஏழாம் நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டார்கள். கடைசி ஹோமத்தில் யார் பெயரைச் சொல்லி, யார் உள்ளங்கையில் சங்கல்ப நீர் விடப்படுகிறதோ அந்தத் தலைக்குத் தலைப்பாகை. அந்தப் பக்கத்து வழக்கம் அது. பெயர் சொல்லி நீர் விடுகிறவர் மூலம் படிக்கிறவர். அதாவது காமதா.

நாலாம் நாள் விடியலில் காமதா தாளைப் பிரித்தபோது வழக்கம்போல நாக்கு ஓட ஆரம்பித்தது. எட்டாம் ஸ்கந்தம் முடிந்து ஒன்பதாவது தொடங்கியதும், அவர் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். படித்ததைக் கேட்டார். முதல் அத்தியாயத்திலேயே ஆள் அப்படியே நின்றுபோனார்.

மனுவுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை வேண்டி வசிஷ்டர் யாகம் நடத்துகிறார். மனுவின் மனைவி சிரத்தை, வெறும் பாலைக் குடித்து விரதம் இருக்கிறவள், ஹோமம் செய்கிற ஹோதாவிடம் தனியாகப் போய் விழுந்து கும்பிட்டு, எனக்குப் பெண் வேண்டும் என்று கேட்கிறாள். அந்த ஆளும் அதையே மனதில் நினைத்து ஆகுதி விடுகிறார். பெண் பிறக்கிறது, இளை என்று பெயர். மனுவுக்கு முகம் விழுந்துபோகிறது. மந்திரம் எப்படி மாறிப் பலித்தது என்று குருவைக் கேட்கிறார். உன் ஹோதா செய்த கோளாறு என்று சொல்லிவிட்டு வசிஷ்டர் தன் தவத்தால் அந்தப் பெண்ணை ஆணாக மாற்றுகிறார். அதோடு விட்டதா? வேட்டைக்குப் போன இடத்தில் அவன் மறுபடி பெண்ணாகிவிடுகிறான். ஏறியிருந்த குதிரைகூடப் பெட்டையாகிவிடுகிறது. புதன் அவளைப் பார்க்கிறான், பிள்ளை பிறக்கிறது, புரூரவஸ். அதிலிருந்து சந்திர வம்சம் முழுக்க.

இத்தனை காலம் இதைத்தானா படித்துக்கொண்டிருந்தோம் என்று காமதாவுக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் குறுகுறுப்பு. அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று ஒவ்வொரு ராஜாவிடமும் நின்று நின்று போனார். ஒருத்தன் பசுவைக் கொன்றுவிட்டுக் காட்டுக்குப் போகிறான். ஒருத்தன் தானே கர்ப்பமாகி வயிற்றைக் கிழித்துக்கொண்டு பிள்ளை பெறுகிறான். ஒருத்தனுக்கு யாரோ பெற்ற பிள்ளை கொடுக்கப்படுகிறது. வரிசை வரிசையாகச் சுவர் கட்டியது போல இருக்கும் என்று நினைத்திருந்த வம்சம், கிட்டப் போய்ப் பார்த்தால் இடுக்கு இடுக்காக ஒட்டுப் போட்டது. வேடிக்கை பார்க்கப் போன பிள்ளை நேரத்தை மறந்த மாதிரி ஆகிவிட்டது அவர் கதை.

அதன் வினை பிற்பகலில் தெரிந்தது. நாலாம் நாள் என்றால் ஜனங்கள் வருவது கிருஷ்ணன் பிறப்பைப் பார்க்கத்தான். வம்சங்களை வியாசர் நாலே வாக்கியத்தில் தாண்டிவிடுவார். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. மூலத்தில் கிருஷ்ணன் பிறக்காமல் கதையில் பிறக்கக்கூடாது. வியாசர் ராம்துலாரே, காமதாவின் மனைவிக்குத் தம்பி. வெண்கலக் குரல், சந்தன நெற்றி, பேர்பெற்ற ஆள். அவர் கம்சனின் சிறைக் கதவுவரை வந்துவிட்டார். பந்தலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை முறத்தில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு வசுதேவர் தயாராக நிற்கிறார். பெண்கள் பிள்ளைப்பேற்றுப் பாட்டுக்குத் தொண்டையைச் செருமிக்கொள்கிறார்கள். டோலக் அடிக்கிறவன் கையை ஓங்கியபடி இருக்கிறான். வியாசர் ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தார்.

"அத்தான், எங்க இருக்கீங்க?"

"யயாதிகிட்ட."

"யயாதியா? வெளிய வசுதேவர் வெயில்ல வேகறாரு. கொழந்தை முறத்துலயே ஒண்ணுக்குப் போயிருச்சாம். நாலு நாலு தாளாப் புரட்டுங்க."

"அது முடியாது மாப்ள."

ராம்துலாரே ஒரு முறை முறைத்தார். பிறகு, சரி, நேரத்தை ஓட்ட ஏதாவது ஒரு கதையாவது கொடுங்கள் என்று கேட்டார். காமதா யோசிக்கவில்லை. காலையிலிருந்து வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருந்ததை அப்படியே காதில் ஓதினார். சிரத்தை கேட்டதையும், மனு வருந்தியதையும், குதிரை பெட்டையானதையும், ஒரு மாதம் ஆணாகவும் ஒரு மாதம் பெண்ணாகவும் அரசாண்ட அந்த ராஜாவைப் பிரஜைகளுக்குப் பிடிக்கவில்லை என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மறுபடி தாளுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

ராம்துலாரே கெட்டிக்காரர். காதில் விழுந்த நாலு வரியை வைத்துக்கொண்டு ஒரு நாடகமே நடத்திவிட்டார். குதிரை தன்னையே திரும்பிப் பார்த்துத் திகைத்த கட்டத்தில் பந்தல் குலுங்கியது. சிரத்தை தனியாகப் போய்க் கும்பிட்ட இடத்தில் பெண்கள் பக்கம் சத்தமே இல்லை. எந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறோம் என்று அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை. கடைசியில், அந்தப் பெண் இல்லாவிட்டால் யது ஏது, வசுதேவர் ஏது, இதோ வரப்போகிற நம்ம கண்ணன்தான் ஏது என்று கையை உயர்த்தியபோது காமதா கடைசி ராஜாவைத் தாண்டித் தலையசைத்தார். டோலக் முழங்கியது. ரோஜாத் தண்ணீரும் பதாசா மிட்டாயும் பறந்தன. முறத்தில் வந்த குழந்தை வீறிட்டு அழுதது.

ஹர்கோவிந்துக்கு உறைத்திருந்தது. அன்று சாயங்காலமே இரண்டு பேரையும் தேடி வந்துவிட்டார். சண்டைக்கு வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தேநீர் வாங்கிக் கொடுத்தார். வேண்டுமென்றே சொன்ன கதையா என்று கேட்டார். ராம்துலாரே பதறிப்போய் அத்தானைப் பார்த்தார். மூலத்தில் இருப்பதுதான் என்றார் காமதா.

"இருக்கட்டும். நானும் நல்லாத்தான் கேட்டேன். பொண்ணு பொறந்தது பெத்த அப்பனுக்கே புடிக்கல. ஜனங்களுக்கும் புடிக்கல. அதுவும் அதுல இருக்குல்ல?"

இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. ஹர்கோவிந்தின் குரல் அதற்குப் பிறகு இறங்கிவிட்டது. தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். இரண்டு பேரும் சேர்ந்து மிதித்த மண்ணில் ஆரம்பித்த சூளை அது. "மஞ்சரி என் கொழந்தைதான் பண்டிட்ஜி. ஆனா நாளைக்குக் கல்யாணம் ஆகி இன்னொரு வீட்டுக்குப் போயிட்டா, திதியில என் தம்பி பேரைச் சொல்ல எந்த வாய் இருக்கும்? அதைச் சொல்லுங்க," என்றார். கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை.

அவர் போனதும் ராம்துலாரே பிடித்துக்கொண்டார். அடுத்த மாதம் இவர்கள் சொந்தத்திலேயே மூன்று சப்தாகம் பேசி வைத்திருக்கிறது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதா, யயாதியிடம் உட்கார்ந்து விருந்தா சாப்பிட்டீர்கள் என்று பொரிந்து தள்ளினார். அக்காவிடம் சொல்கிறேன் என்று ஒரு மிரட்டல் வேறு. காமதாவின் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த யாகத்தில் ஆகுதி விட்டவன் யார்? பெயர் இல்லை. அவனுக்கு என்ன ஆயிற்று? தண்டித்தார்களா, துரத்தினார்களா, அடுத்த யாகத்துக்குக் கூப்பிட்டார்களா? தாளை மறுபடி எடுத்து இரண்டு தடவை பார்த்துவிட்டார். ஆகுதி விட்டதோடு சரி, அவனைப் பற்றி வேறு பேச்சே இல்லை. ஆயிரம் ராஜாக்களுக்குப் பெயர் சொன்னவர்கள் இவனுக்கு மட்டும் ஒரு பெயர் வைக்கவில்லை.

ஆறாம் நாள் மதியம், சாப்பாட்டு இடைவேளையில் ஷைல்குமாரி மறுபடி வந்தாள். ஒரு தட்டில் பேடாவும் செம்பில் பாலும் கொண்டுவந்து வைத்தாள். மகளைச் சற்றுத் தள்ளி நிற்கவைத்துவிட்டு, அந்தப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டாள்.

"அந்த அம்மா எதுக்குப் பொண்ணு கேட்டாங்கன்னு அதுல போட்டிருக்கா?"

"இல்லம்மா. கேட்டாள்னு மட்டும்தான் இருக்கு."

அவள் குரல் தாழ்ந்துவிட்டது. "நானும் கேட்டேன் பண்டிட்ஜி. வீட்ல எல்லாரும் பையனுக்காக விரதம் இருக்கச் சொன்னாங்க. இருந்தேன். சக்கர தீர்த்தத்துல முழுகும்போது, தண்ணிக்குள்ள, பொண்ணு வேணும்னுதான் கேட்டேன். அவர்கிட்டக்கூடச் சொன்னதில்ல. அன்னிக்கு வியாஸ்ஜி அந்தக் கதையைச் சொன்னப்போ எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. யாரு போய்ச் சொன்னாங்கன்னு பயந்துட்டேன். மஞ்சரிக்கு அப்புறம் எனக்கு வேற கொழந்தையே தங்கல. நான் கேட்டதாலதான் அவருக்கப்புறம் தலைப்பாகை கட்டிக்க ஆள் இல்லாமப் போச்சா? அது தப்பா?"

காமதா, ஆறுதலாக ஏதாவது பொய் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தார். வாய் வரவில்லை. வாழ்நாள் முழுக்க எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி படித்த வாய் அது.

"வசிஷ்டர் தப்புன்னுதான் சொல்றார். ஆனா அந்தப் பொண்ணோட பேரை எடுத்துட்டா, அதுக்கப்புறம் எனக்குப் படிக்க ஒண்ணுமே இல்லம்மா. கண்ணன் கதை வர்ற பத்தாம் ஸ்கந்தமே கிடையாது. நான் மூட்டையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. இன்னார் பெயரைச் சொல்லுங்கள் என்றோ, எனக்காக என்றோ ஒரு வார்த்தை இல்லை. குனிந்து, தலையைத் தரையில் வைத்துக் கும்பிட்டாள். எழுந்து போய்விட்டாள். சிரத்தை ஹோதாவிடம் விழுந்து கும்பிட்டது காமதாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பால் ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஏழாம் நாள் காலையில் ஹோம குண்டம் கட்டச் செங்கல் வந்தது. அவர்கள் சூளைக் கல்தான். டிராக்டரிலிருந்து இறங்கிய மஞ்சரி, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகத் தட்டிச் சத்தம் கேட்டு எடுத்துத் தானே அடுக்கினாள். கொத்தனாரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், வேகாத கல் ஒன்று கலந்தாலும் சூட்டில் வெடிக்கும், அப்பாவுக்காக எரிகிற நெருப்பு, தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். ஹர்கோவிந்த் தடுக்கவில்லை. கல் அடுக்குவதற்கு எதிராக எந்தச் சாஸ்திரத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. அவர் கையில் தட்டு இருந்தது, தட்டில் மடித்த காவி நிறத் தலைப்பாகைத் துணி.

குண்டம் முடிந்ததும் அவர் மகனைக் கூப்பிட்டார். அங்கித் குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு, கூச்சத்தோடு வந்து ஆசனத்தில் உட்கார்ந்தான். லக்னோவில் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிற பையன். சூளைப் பக்கம் வந்தால் புகை ஒத்துக்கொள்ளாமல் தும்முகிறவன். அப்பா சொன்னதால் வந்திருந்தான், அவ்வளவுதான். கடைசிக் கல்லை வைத்த மஞ்சரி எழுந்து போவாள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. அவன் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலது கையை நீட்டினாள். அவனும் நீட்டியிருந்தான். ஒன்று கழுவித் துடைத்த வெள்ளைக் கை. இன்னொன்று செங்கல் தூள் ரேகைக்குள் எல்லாம் ஏறிச் சிவந்த கை.

பந்தலில் முணுமுணுப்பு கிளம்பியது. ராம்துலாரே தன் ஆசனத்திலிருந்து கண்ணால் கெஞ்சினார். காமதா செம்பைத் தூக்கினார். கை நடுங்கியது. வாய் தானாகச் சங்கல்பத்தை ஆரம்பித்துவிட்டது. எத்தனை ஆயிரம் தடவை சொன்னது, நிறுத்தினாலும் நிற்காது. இரண்டாம் பரார்த்தம், சுவேத வராக கல்பம்.

"வைவஸ்வத மன்வந்தரே..."

வாய் நின்றுவிட்டது. வைவஸ்வத மனு. யார் அது? பிள்ளை கேட்டுப் பெண்ணைப் பெற்று முகம் வாடியவரேதான். ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒவ்வொரு திதியிலும், இந்த மண்ணில் ஒரு சொட்டு நீர் விடுவதானாலும், இன்ன மனுவின் காலத்தில் என்று அந்த மனிதரின் பேரைச் சொல்லித்தானே விட்டுக்கொண்டிருக்கிறோம். இன்னும் முடியவில்லை அவர் காலம். அதில்தான் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம். அந்தப் பெயரில்லாதவன் ஆகுதிக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு நின்றபோது அவனுக்கும் இப்படித்தான் கை நடுங்கியிருக்கும்.

"சொல்லுங்க பண்டிட்ஜி, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் ஹர்கோவிந்த்.

காமதா சொன்னார். கலியுகம், பாரத வருஷம், நைமிசாரண்யம், மாதம், திதி, கோத்திரம் எல்லாம் சொன்னார். ஏழு நாளும் வாய்க்குள்ளேயே படித்த மனிதருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது. கிருபாசங்கரின் மகள் மஞ்சரி என்று பந்தலின் கடைசி வரிசைவரைக்கும் கேட்கச் சொல்லி, சிவந்த கையில் நீரை விட்டார்.

ஹர்கோவிந்த் தட்டைப் பிடித்தபடி முன்னால் வராமலும் பின்னால் போகாமலும் நின்றார். அங்கித் தன் காலிக் கையை ஒரு கணம் பார்த்தான். பிறகு, நனையவே நனையாத அந்தக் கையைப் புது வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஆசனத்தில் ஒரு பக்கமாக நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான். மஞ்சரியின் உள்ளங்கையில் நின்ற நீர் செங்கல் தூளோடு கலந்து, விரலிடுக்கு வழியாக முழங்கைவரை சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. அவள் கையை மூடவில்லை.